பஸ்ஸானோவின் அச்சுக் குடும்பம்

புதன், வெனிஸ்

இத்தாலியப் பதிப்பு வரலாறு என்று பேச ஆரம்பித்தாலே எல்லோரும் வெனிஸ் பதிப்பாளர் ஆல்தோ மனூத்சியோவைத்தான் பிடித்துக்கொள்வார்கள். சாய்வெழுத்து, கையில் அடங்குகிற புத்தகம், நங்கூரத்தைச் சுற்றிக்கொண்ட டால்பின் முத்திரை, எல்லாம் சரி, பெரிய மனிதர்தான், ஆனால் அவரைப் பற்றி எழுத ஆட்கள் ஏராளம். இந்த வாரம் நான் சுற்றப்போவது ரெமொந்தீனி என்ற குடும்பத்தின் பின்னால். வெனிஸுக்கு வடமேற்கே பிரெந்தா ஆற்றங்கரையில் இருக்கிற பஸ்ஸானோ என்ற ஊரில் 1650-களின் கடைசியில் கடை போட்டு, அப்பா, பிள்ளை, பேரன் என்று கைமாறி, 1861-ல் மூடும்வரை சுமார் இருநூறு வருஷம் ஓடிய அச்சுக்கூடம் அது. 18-ஆம் நூற்றாண்டில் உச்சத்தில் இருந்தபோது ஆயிரம் பேருக்கு அங்கே வேலை. ஐரோப்பாவின் மிகப் பெரிய அச்சுத் தொழில்களில் ஒன்று. அப்படியிருந்தும் புத்தகப் பைத்தியங்களில் பல பேருக்கு இந்தப் பெயர் தெரியாது, ஏனென்றால் இவர்கள் சம்பாதித்தது பெரும்பாலும் ஒற்றைத் தாளில். புனிதர் படம், போர்வீரர் படம், ஊர்க் காட்சிகள், வாத்து விளையாட்டு என்கிற தாயக்கட்டம் மாதிரியான காகிதப் பலகை, பெட்டிக்குள் ஒட்டுகிற பூத்தாள். குடியானவன் வீட்டுச் சுவருக்கும் அலமாரிக்கும் வேண்டியதெல்லாம்.

முதலில் வெனிஸில் அவர்கள் கடை இருந்த இடம். ரியால்தோ பாலத்திலிருந்து சான் மார்கோ சதுக்கம் வரை வளைந்து வளைந்து போகிற மெர்ச்சேரியே என்ற கடைத்தெரு இருக்கிறது, அதில் சான் சால்வதோர் கோயில் பக்கம். இன்றைக்கு அங்கே கைப்பை, கண்ணாடிச் சாமான், முகமூடி, ஐஸ்கிரீம். ரெமொந்தீனி பெயரில் ஒரு பலகையும் என் கண்ணில் படவில்லை. நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தால் பின்னால் வருகிற கூட்டம் இடித்துத் தள்ளிக்கொண்டே போகிறது.

பஸ்ஸானோவிலேயே நன்றாக ஓடிக்கொண்டிருந்தவர்களுக்கு இங்கே கடை எதற்கு? அன்றைக்குத் தனி நாடாக இருந்த வெனிஸ் குடியரசில் அச்சடிப்பவர்களுக்கும் புத்தக வியாபாரிகளுக்கும் ஒரு சங்கம் இருந்தது, தலைநகரத்து ஆட்கள் வெளியூர்க்காரனை லேசில் உள்ளே விடமாட்டார்கள். நிறுவனரின் பேரன் ஜாம்பத்தீஸ்தா ரெமொந்தீனி 1750-ல் இந்தத் தெருவில் கடை திறந்ததும் அந்தக் கதவு திறந்துவிட்டது. அதற்கப்புறம் தலைப்புப் பக்கத்தில் 'வெனிஸ், ரெமொந்தீனி' என்று போட்டு வந்த புத்தகங்கள் நிறைய. மை பூசி அச்சடித்தது பஸ்ஸானோவில்தான், பெயர் மட்டும் வெனிஸ். சில புத்தகங்களில் கொஞ்சம் நாணயமாக, 'பஸ்ஸானோ, வெனிஸ் ரெமொந்தீனி செலவில்' என்று இரண்டு ஊரையும் போட்டிருப்பார்கள். தலைநகர் முகவரிக்கு அன்றைக்கும் அப்படி ஒரு மதிப்பு.

ஒற்றைத் தாள் ஆட்கள் என்று சொன்னேன், அதற்காகப் புத்தகத்தில் சும்மா இருந்தார்கள் என்று நினைக்க வேண்டாம். ரோஜர் பொஸ்கோவிச் எழுதிய இயற்கைத் தத்துவ நூல், அணுவைப் பற்றி யோசித்தவர்கள் எல்லோரும் பின்னாளில் திரும்பிப் பார்த்த நூல், முதலில் வியன்னாவில் 1758-ல் வந்தது. ஆசிரியரே திருத்திய பதிப்பு 1763-ல் ரெமொந்தீனி அச்சகத்திலிருந்து வந்தது. நேப்பிள்ஸ்காரரான அல்ஃபோன்ஸோ லிகுவோரி, பிற்காலத்தில் புனிதர் பட்டம் பெற்றவர், தன்னுடைய பெரிய அறவியல் நூலை 1750-களிலிருந்து இவர்களிடம்தான் மறுபடி மறுபடி பதிப்பித்தார். அவருக்கும் ஜாம்பத்தீஸ்தாவுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து நிறையவே மிஞ்சியிருக்கிறது.

மாலை கா ரெட்ஸோனிகோ அருங்காட்சியகம். ஜாந்தொமேனிகோ தியேபொலோ 1791-ல் தன் குடும்பத்துக் கோடைவீட்டுச் சுவரில் வரைந்து, பிறகு பெயர்த்து இங்கே கொண்டுவந்த ஓவியம் ஒன்று உண்டு, 'புதிய உலகம்' என்று பெயர். ஒரு பெரிய கூட்டம், அநேகமாக எல்லோரும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். ஒரு பயாஸ்கோப் பெட்டிக்குள் படம் பார்க்கத்தான் இத்தனை நெருக்கடி. பெட்டிக்குள் இருப்பதை ஓவியர் நமக்குக் காட்டவே மாட்டார். அந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் போடுகிற படங்களை அச்சடித்து ஐரோப்பா முழுக்க அனுப்பியவர்களில் ரெமொந்தீனியும் உண்டு என்பதால் எனக்கு அந்த முதுகுகளைப் பார்க்க ஒரு தனி சுகம். அருங்காட்சியகம் மூடுகிற நேரம் வரை அங்கேயே நின்றேன்.

வியாழன், பஸ்ஸானோ

வெனிஸ் ஸாந்தா லூச்சியா நிலையத்திலிருந்து உள்ளூர் ரயில், ஒன்றேகால் மணி நேரம். சமவெளி முடிந்து மலை ஆரம்பிக்கிற விளிம்பில் ஊர். ரயிலை விட்டு இறங்கினால் எதிரே மோந்தே கிராப்பா நிற்கிறது. முதல் உலகப்போரில் பெரிய சண்டை நடந்த மலை, அதனால்தான் ஊர்ப்பெயரோடு பின்னாளில் கிராப்பாவும் ஒட்டிக்கொண்டது. வியாழக்கிழமை சந்தை நாள். சதுக்கம் முழுக்கத் துணிக்கடையும் சீஸ் வண்டியும், ஏப்ரல் கடைசி என்பதால் எங்கே பார்த்தாலும் வெள்ளை அஸ்பராகஸ் கட்டுகள். இந்த ஊர் விசேஷம் இதுதான், வெயில் படாமல் மண்ணுக்குள்ளேயே வளர்த்து வெட்டுவார்கள். வேகவைத்த முட்டையை உப்பு, மிளகு, எண்ணெய், வினிகர் விட்டு முள்கரண்டியால் மசித்து அதில் தொட்டுச் சாப்பிட வேண்டும். நான் மத்தியானமும் சாப்பிட்டேன், ராத்திரியும் சாப்பிட்டேன்.

இந்தச் சதுக்கத்தில்தான் கதை ஆரம்பம். ஜொவான்னி அந்தோனியோ ரெமொந்தீனி, பாதுவா ஊர்க்காரர், 1634-ல் பிறந்தவர். இருபது வயசு தாண்டின கையோடு பஸ்ஸானோவுக்கு வந்து கடை போட்டார். அச்சுக்கூடம் இல்லை, இரும்புச் சாமான், துணி, கம்பளி, பட்டு. அப்புறம்தான் அச்சு வேலைக்குள் வந்தார், மரத்தில் செதுக்கிய பிளாக்குகளில் சாமானியர்களுக்கான பக்திப் படங்கள், பள்ளிக்கூடப் புத்தகம், ஜெபப் புத்தகம். எழுத்தாளர், தத்துவம், மறுமலர்ச்சி எதுவும் கிடையாது. ஆணி விற்கிற மனசோடுதான் புனித அந்தோணியாரையும் விற்றார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. இந்தக் குடும்பத்தின் கணக்கு வழக்கு முழுக்க அந்த முதல் கடையில் கற்றதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது: எதை வெளியே வாங்குகிறோமோ அதை நாமே செய்ய முடியுமா, எதை ஒருவனுக்கு விற்கிறோமோ அதைப் பத்துப் பேருக்கு விற்க முடியுமா. காகித ஆலை வைத்தார்கள், மரம் செதுக்கவும் செப்புத் தகடு செதுக்கவும் ஆள் வைத்தார்கள், வண்ணம் பூசுகிற பட்டறை, பூத்தாள் பட்டறை என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். கந்தலில் ஆரம்பித்து விற்பனைக்குப் போகிற தாள் வரை எல்லாம் வீட்டுக்குள்ளேயே.

ஊரைப் பற்றிக் கொஞ்சம். மரப்பாலம் இல்லாமல் பஸ்ஸானோ இல்லை. பல்லாதியோ என்ற கட்டடக் கலைஞர் 1569-ல் வடிவமைத்த கூரை போட்ட பாலம், 1748 வெள்ளத்தில் போய், 1813-ல் நெப்போலியன் படைகள் கொளுத்தி, 1945-ல் மறுபடி சிதைந்து, ஒவ்வொரு தடவையும் பழைய வடிவத்திலேயே கட்டியிருக்கிறார்கள். கடைசி தடவை கட்டியதில் ஆல்ப்ஸ் படைவீரர்களுக்குப் பெரிய பங்கு என்பதால் அவர்கள் பெயர். பாலத்தின் ஒரு முனையில் 1779-லிருந்து இருக்கிற நார்தீனி சாராயக்கடை. அங்கே எல்லோரும் கையில் வைத்திருக்கிற சிவப்பு பானத்துக்குப் 'பாதிக்குப் பாதி' என்று பெயர், கசப்பும் இனிப்பும் கலந்து சோடாவோடு வரும், நின்றுகொண்டே குடிக்க வேண்டியதுதான்.

சாயங்காலம் பலாட்ஸோ ரொபெர்தி போனேன். 1796-ல் நெப்போலியன் இந்தப் பக்கம் சண்டைக்கு வந்தபோது தங்கிய மாளிகை, இப்போது புத்தகக்கடை. மாடியில் சுவரோவியம், கீழே புத்தகம், நடத்துவது ஒரு குடும்பத்துச் சகோதரிகள். நம் புகைப்பட நண்பர்கள் கேமராவை மாட்டுகிற மன்ஃப்ரோட்டோ முக்காலி இந்த ஊர்ச் சரக்குதான் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

வெள்ளி, பலாட்ஸோ ஸ்தூர்ம்

இன்றைக்கு முழுநாளும் ஒரே கட்டடம். ஆற்றுக்கு மேலே தொங்குகிற மாதிரி நிற்கிற மாளிகை, 18-ஆம் நூற்றாண்டில் ஒரு பட்டு வியாபாரி கட்டியது, பின்னாளில் ஸ்தூர்ம் என்கிற பிரபு குடும்பத்திடம் வந்து, அவர்கள் 1943-ல் ஊருக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு பக்கம் பீங்கான் அருங்காட்சியகம், இன்னொரு பக்கம் ரெமொந்தீனி. பீங்கானை வேகமாகத் தாண்டிவிட்டேன், ரசிகர்கள் மன்னிக்க.

நான் சில வருஷம் அச்சகத்தில் குப்பை கொட்டியவன், அதனால் கண் முதலில் போவது பிளாக்குகள் மேலேதான். மரச்செதுக்கில் அச்சாக வேண்டிய கோடு மேடாக நிற்கும், மற்றதெல்லாம் குடைந்து எடுத்துவிடுவார்கள். எழுத்து அச்சோடு சேர்த்து ஒரே அழுத்தில் அடிக்கலாம், ஆயிரக்கணக்கில் தாங்கும். செப்புத் தகடு நேர்மாறு, கோடு பள்ளம், மை பள்ளத்துக்குள் உட்காரும், மேலே துடைத்துவிட்டு ஈரத் தாளை வைத்து உருளைக்கு நடுவே அழுத்தமாக ஓட்ட வேண்டும். நயம் அதிகம், ஆனால் தகடு சீக்கிரம் தேயும். ரெமொந்தீனி தேய்ந்த தகட்டை எளிதில் தூக்கிப் போட மாட்டார்கள். மற்றவர்கள் விற்றுவிட்ட பழைய தகடுகளையும் வாங்குவார்கள், மேலே கோட்டை மறுபடி ஆழப்படுத்திக் கீழே தங்கள் பெயரைப் போட்டு ஓட்டுவார்கள். கோடுகள் தடித்துப்போன, முகம் கொஞ்சம் முரடாகிவிட்ட புனிதர்கள் அதனால்தான். வாங்குகிற குடியானவனுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஒரு மரச்செதுக்குப் புனிதர் முன்னால் ரொம்ப நேரம் குனிந்து நின்றேன். சிவப்பு மேலங்கி. அங்கியின் ஓரத்தைத் தாண்டிச் சிவப்பு ஒரு நூல் அளவு வெளியே வந்து, பக்கத்தில் இருக்கிற லில்லிப் பூவின் மேலே ஏறியிருக்கிறது. அட்டையை வெட்டி அச்சுப் போல வைத்து, மேலே தூரிகையை இழுத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுகிற வேலை இது. ஒரு வண்ணத்துக்கு ஓர் அட்டை. ஒரு சிவப்பு, ஒரு மஞ்சள், ஒரு பச்சை, முடிந்தது. அட்டை கொஞ்சம் நகர்ந்தால் நகர்ந்ததுதான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அந்த வெளியே வந்த சிவப்பில் ஓர் ஆளின் கை வேகம் அப்படியே இருக்கிறது.

பயாஸ்கோப் படங்கள் இன்னொரு அறையில். லண்டன், பாரிஸ், கான்ஸ்டான்டிநோப்பிள், துறைமுகங்கள், அரண்மனைகள், தீப்பிடித்த நகரங்கள். மேலே தலைப்பு முகம் பார்க்கிற கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும், ஏனென்றால் பெட்டிக்குள் அப்படி ஒரு கண்ணாடியில் விழுகிற பிம்பத்தைத்தான் பார்ப்பார்கள். கீழே நாலு மொழியில் விளக்கம்: லத்தீன், பிரெஞ்சு, இத்தாலியன், ஜெர்மன். ஒரே தகடு, நாலு நாட்டு வாடிக்கையாளர். சிலவற்றில் ஜன்னல்களையும் விளக்குகளையும் ஊசியால் குத்தி, பின்னால் வண்ணத்தாள் ஒட்டுவதுண்டு. பின்னால் விளக்கு வைத்தால் பகல் படம் ராத்திரிப் படம் ஆகிவிடும்.

பூத்தாளுக்கு வருகிறேன். இதுதான் எனக்கு இங்கே மிகவும் பிடித்தது. பேரிக்காய் மரம் போல நெருக்கமான இழை உள்ள மரத்தில் செதுக்கிய பிளாக்குகள், ஒரு நிறத்துக்கு ஒன்று, சரியாக ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும். கொடி, கார்னேஷன், மாதுளை, பறவை, இந்தியச் சித்திரத்துணிகளைப் பார்த்து எடுத்த வடிவங்களும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டு ஐரோப்பா முழுக்கவே நம் கடற்கரைச் சீட்டித் துணி மேல் மோகம் கொண்டிருந்தது, காகிதக்காரர்கள் மட்டும் சும்மா இருப்பார்களா. புத்தக அட்டை, இசைத்தாள் உறை, பெட்டியின் உள்பக்கம், இழுப்பறையின் அடி, எல்லாவற்றுக்கும் இந்தத் தாள். பித்தளைப் பொடி தூவிய தங்கத்தாளும் செய்தார்கள், ஆக்ஸ்பர்க் ஊர்க்காரர்கள் பேர் பெற்ற சரக்கு, இவர்கள் பார்த்துக் கற்றுக்கொண்டது.

பார்த்துக் கற்றுக்கொள்வதில் இவர்களை மிஞ்ச ஆள் கிடையாது என்றும் சொல்ல வேண்டும். பாரிஸ், ஆக்ஸ்பர்க் என்று எங்கே ஒரு படம் நன்றாக விற்கிறதோ அதன் பிரதி கொஞ்ச நாளில் பஸ்ஸானோவிலிருந்து பாதி விலைக்கு வந்துவிடும். வெனிஸில் கடை வைத்திருந்த செதுக்கர்களே இவர்கள் மேல் புகார் சொன்னார்கள். குடியரசு பெரும்பாலும் ரெமொந்தீனி பக்கம்தான் நின்றது, ஆயிரம் பேருக்குச் சோறு போட்டு வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவருகிறவனை யார் பகைத்துக்கொள்வார்கள். அவர்களை மாட்டிவிட்டது வேறு ஒன்று. 1770-களின் தொடக்கத்தில் ஒரு கடைசித் தீர்ப்பு நாள் படம். அதில் ஸ்பெயின் மன்னரின் சின்னம் பாவிகள் பக்கத்தில் இருந்தது. இயேசு சபையினரை ஸ்பெயினிலிருந்து துரத்தி அதிக வருஷம் ஆகவில்லை, அந்த நேரத்தில் நரகத்தின் பக்கம் மன்னர் சின்னம் என்றால் என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள்? ஸ்பெயின் அரசவை கொதித்துப்போய்விட்டது. பழைய படத்தைக் கண்ணை மூடிக்கொண்டு பிரதி எடுத்ததால் வந்த வினையா, வேண்டுமென்றே செய்ததா என்று அங்கே நின்று யோசித்தேன். இந்தக் குடும்பத்தின் சுபாவத்தைப் பார்த்தால் முதலாவதுதான் என்று பந்தயம் கட்டுவேன். ஸ்பெயின் சந்தையை வேண்டுமென்று இழக்கிற வியாபாரிகளா இவர்கள்?

இதே குடும்பம்தான் தங்களுக்கென்று ஜெர்மன் ஓவியர் டியூரரின் மரச்செதுக்கும் செப்புச் செதுக்குமாக 200-க்கும் மேல் சேர்த்து வைத்திருந்தது, அதுவும் இப்போது ஊர்ச்சொத்து, 2019-ல் இங்கே மொத்தமாகக் காட்சிக்கு வைத்தார்கள். ஊருக்கு விற்றது ஒன்று, வீட்டுக்குள் வைத்துக்கொண்டது வேறு.

சனி, பியேவே தெஸீனோ

நேற்றுப் பார்த்த தாள்கள் எல்லாம் மாஸ்கோவுக்கும் மாட்ரிட்டுக்கும் எப்படிப் போயின? மனிதர்கள் முதுகில். அந்த மனிதர்களின் ஊருக்குத்தான் இன்றைக்கு.

பிரெந்தா ஆற்றோடு மேலே போகிற வால்சுகானா ரயில், மலைச்சுவர்கள் இரண்டு பக்கமும் நெருங்கி வந்துகொண்டே இருக்கும். போர்கோ வால்சுகானாவில் இறங்கி பஸ். பஸ் வருமா வராதா என்று நிறுத்தத்தில் என்னோடு ஒரு கிழவி மட்டும். அவர் வரும் வரும் என்று கையை ஆட்டினார், வந்தது. வளைந்து ஏறி ஒரு மேட்டுச் சமவெளியில் கொண்டுபோய் விட்டது. பியேவே, காஸ்தெல்லோ, சிந்தே என்று மூன்று கிராமம், மூன்றும் சேர்ந்து தெஸீனோ. புல்வெளி, மரவீடு, அமைதி. இத்தாலியின் போருக்குப் பிந்தைய பிரதமர் அல்சீதே தெ காஸ்பெரி பிறந்த ஊர் என்று பியேவேயில் அவருக்கும் ஒரு வீட்டு அருங்காட்சியகம். அவர் பிறந்த 1881-ல் இது ஆஸ்திரியா. முதல் உலகப்போர் முடியும்வரை தெஸீனோ ஹாப்ஸ்பர்க் ஆட்சியில் இருந்தது, கீழே பஸ்ஸானோ 1797 வரை வெனிஸ் குடியரசில். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

'பெர் வியா' என்பது நான் தேடி வந்த அருங்காட்சியகத்தின் பெயர், தெருவழி வியாபாரம் செய்தவர்களுக்கான இடம். இந்த ஊர்க்காரர்கள் முதலில் ஆடு மேய்த்தவர்கள், பிறகு துப்பாக்கிக்கான சக்கிமுக்கிக் கல்லை விற்கப் போனவர்கள். ஊர் ஊராக நடந்த பழக்கம் இருந்தது, வழி தெரியும், கல்லுக்குப் பதில் படம் வந்ததும் அதைத் தூக்கிக்கொண்டார்கள். ஆஸ்திரியப் பிரஜைகள் என்பதால் பேரரசுக்குள் போய்வருவதும் லேசு. அறுவடை முடிந்ததும் கிளம்பினால் வசந்தத்தில் திரும்புவார்கள், ரொம்பத் தூரம் போனவர்கள் வருஷக்கணக்கில். பையன்களையும் தொழில் பழகக் கூட்டிப்போவார்கள். நிலம், மாடு, குழந்தை எல்லாம் பெண்கள் தலையில்.

'கஸ்ஸேலா' என்று அவர்கள் சொல்கிற மரப்பெட்டியைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். முதுகில் மாட்ட இரண்டு தோல் வார். உள்ளே தாள்கள் மடங்காமல் படுக்க வேண்டும், நனையக் கூடாது. காலிப் பெட்டியே கனமாகத் தெரிகிறது, அதில் நூற்றுக்கணக்கில் தாளை அடுக்கி ஆல்ப்ஸைத் தாண்டுவதை யோசித்துப் பாருங்கள், காகிதம் எவ்வளவு கனம் என்று கட்டுத் தூக்கியவனுக்குத் தெரியும். ஜெர்மனி, ஃப்ளாண்டர்ஸ், ஸ்பெயின், போலந்து, ரஷ்யா. ஸ்பெயினிலிருந்து அமெரிக்கா வரை தாள்கள் போனதுண்டு.

சரி, இவர்களுக்குச் சரக்கு வாங்கப் பணம் ஏது? ரெமொந்தீனி கடனுக்குக் கொடுத்தார்கள். திரும்பி வந்து கணக்கு முடிக்க வேண்டும், ஈடாக நிலமும் வீடும். நல்ல வருஷம் என்றால் சரி. வழியில் கொள்ளை, காய்ச்சல், போர், அல்லது சும்மாவே விற்கவில்லை என்றால், எல்லை தாண்டியிருக்கிற வெனிஸ் பிரஜை ஒருவரிடம் இந்த மேட்டுநிலத்துக்காரனின் வயல் மாட்டிக்கொள்ளும். பஸ்ஸானோவில் பார்த்த மாளிகை அழகையெல்லாம் இங்கே நின்று பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. பதிப்பாளர் அச்சடிக்கிற செலவை மட்டும் சுமந்தார், விற்காமல் போகிற ஆபத்து முழுக்கப் பெட்டி தூக்கியவன் தலையில். ஐரோப்பாவின் பெரிய அச்சுக்கூடம் என்று அவர்களைச் சொல்லும்போது இந்த ஏற்பாட்டையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம். தெஸீனோக்காரர்களை அப்பாவிகள் என்றும் சொல்ல மாட்டேன். ரெமொந்தீனியோடு மல்லுக்கு நின்றார்கள், வேறு ஊர்ச் சரக்கையும் சேர்த்து விற்றார்கள், கெட்டிக்காரர்கள் போன ஊரிலேயே கடை போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

அந்தக் கெட்டிக்காரர்களைப் பற்றிய பகுதிதான் என்னை அசரவைத்தது. பியேவேயிலிருந்து போன ஜுஸெப்பே தாத்ஸியாரோ மாஸ்கோவில் குஸ்னெட்ஸ்கி மோஸ்ட் தெருவிலும், பீட்டர்ஸ்பர்க்கில் நெவ்ஸ்கி சாலையிலும் கடை வைத்தார். ரஷ்ய நகரக் காட்சிகளைத் தாமே பதிப்பித்தார், இன்றைக்கும் பழைய பீட்டர்ஸ்பர்க் லித்தோ (கல் அச்சு) படங்களின் அடியில் அவர் பெயரைப் பார்க்கலாம். ஆம்ஸ்டர்டாமில் கால்வெர்ஸ்ட்ராட்டில் புஃப்ஃபா குடும்பம், ஓவிய வியாபாரிகளாகவே ஆகிவிட்டார்கள். இரண்டு கடைகளும் 20-ஆம் நூற்றாண்டு வரை இருந்தன. கடன் கொடுத்த ரெமொந்தீனி மூடிய பிறகும் கடன் வாங்கிய ஊர்க்காரர்களின் பெயர்ப்பலகை பல பத்தாண்டுகள் தொங்கியது.

கடைசி பஸ் சீக்கிரமே. இறங்கி வரும்போது முழங்கால் வலி, பெட்டி எதுவும் தூக்காமலே.

ஞாயிறு, பஸ்ஸானோ

மழை. காபிக்கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன், மிச்சக் கதை சுருக்கமாக.

1796 செப்டம்பரில் நெப்போலியன் இந்த ஊர்ப் பக்கத்தில் ஆஸ்திரியர்களைத் தோற்கடித்தார். அடுத்த வருஷம் வெனிஸ் குடியரசே இல்லை. சலுகை கொடுத்துக் காப்பாற்றிய அரசு போனது, எல்லைகள் மாறின, சுங்கம் மாறியது, போர் நடக்கிற பாதைகளில் பெட்டிக்காரர்கள் நடக்க முடியவில்லை. அதே 1796-ல் மியூனிக்கில் ஸெனஃபெல்டர் கல்லில் அச்சடிக்கிற லித்தோ முறையைக் கண்டுபிடித்தார். மரமும் செம்பும் செதுக்குகிற ஆயிரம் கைகளை வைத்துக் கட்டிய தொழிலுக்கு அது எப்பேர்ப்பட்ட அடி என்று அன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது. கொஞ்ச காலம் பார்த்தோலொமேயோ காம்பா என்ற நல்ல நூலறிஞர், இதே ஊர்க்காரர், பதிப்பு வேலையை நடத்தினார். ஜாம்பத்தீஸ்தாவின் மகன் ஜுஸெப்பே 1811-ல் இறந்தார். அவருக்குப் பின்னால் வந்த வாரிசுகளுக்குப் பிரபுத்தனம் இருந்தது, ஆணிக்கடைக்காரரின் பசி இல்லை. இது என் கணிப்பு, குடும்பத் தொழில்களில் மூன்று நாலு தலைமுறைக்கு அப்புறம் நடப்பதுதான். கடிதங்கள், படங்கள் எல்லாம் ஊர் அருங்காட்சியகத்துக்கும் நூலகத்துக்கும் வந்தன. 1861-ல், இத்தாலி ஒன்றுபட்ட அதே வருஷத்தில், இன்னும் ஆஸ்திரியாவின் கையில் இருந்த பஸ்ஸானோவில் அச்சுக்கூடம் மூடியது.

பூத்தாள் பிளாக்குகள் சில கைமாறி லொம்பார்தியில் வரேசே ஊருக்குப் போயின, 'கார்த்தா வரேசே' என்று இப்போது எழுதுபொருள் கடைகளில் விற்கிற இத்தாலியப் பூத்தாளின் பூர்வீகம் இதுதான். இங்கேயே, பாலத்துக்குப் பக்கத்தில், தஸ்ஸோத்தி என்ற குடும்பக் கடை ரெமொந்தீனி வடிவங்களை மறுபடி அச்சடித்து விற்கிறது. 1957-லிருந்து தொழிலில் இருக்கிறார்கள். நோட்டுப் புத்தகம், பெட்டி, பெரிய தாள், எல்லாமே கிடைக்கும். கார்னேஷன் கொடி போட்ட ஒரு தாளும் மாதுளை போட்ட ஒன்றும் வாங்கினேன், சுருட்டிக் குழாயில் போட்டுக் கொடுத்தார்கள். ஆஃப்செட்டில் அடித்தது, வண்ணம் எங்கேயும் ஒரு நூல்கூட வெளியே வரவில்லை.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். பியேவே தெஸீனோ அருங்காட்சியகம் எல்லா நாளும் திறந்திருக்காது, குளிர்காலத்தில் இன்னும் மோசம், விசாரித்துவிட்டு ஏறுங்கள், திரும்பி வருகிற பஸ் நேரத்தையும் சேர்த்து. அஸ்பராகஸ் ஏப்ரலிலிருந்து ஜூன் நடு வரைதான்.